ஆந்திரப் பிரதேசத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் அரசுக் கல்லூரிகளும்: மாநிலந்தழுவிய தொலைநிலைக் கல்வி வலையமைப்பின் உருவாக்கம்

ஆய்வுச் சுருக்கம்

இந்தியாவின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1982ஆம் ஆண்டு ஆந்திரப் பிரதேசத்தில் தோற்றுவிக்கப்பட்டது. மாநிலமெங்கும் ஏற்கெனவே இயங்கிவந்த கல்லூரிகளை, குறிப்பாக அரசுக் கல்லூரிகளை, அது தன் படிப்பு மையங்களாக ஆக்கிக்கொண்டது. அதே காலத்தில் தமிழ்நாட்டில் தொலைநிலைக் கல்வி பல்கலைக்கழகந்தோறும் தனித்தனி அஞ்சல்வழிக் கல்வி நிறுவனங்களாக வளர்ந்தது. இவ்விரு வழிகளையும் ஒப்பிட்டு, மாவட்டத்தில் இருக்கும் மாணவருக்குப் பொறுப்பேற்பவர் யார் என்ற வினாவே அவற்றைப் பிரித்தது என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: அஞ்சல்வழிக் கல்வி, திறந்தநிலைப் பல்கலைக்கழகம், படிப்பு மையம், அரசுக் கல்லூரி, ஆட்சி எல்லை.

முன்னுரை

தொலைநிலைக் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஊடகங்களின் வரிசையிலேயே அதனை எழுதிவந்துள்ளனர். முதல் தலைமுறை அஞ்சல், அடுத்தது வானொலியும் தொலைக்காட்சியும், அதன்பின் செயற்கைக்கோள், இறுதியில் இணையம் என்பது பாடநூல்களில் நிலைபெற்றுவிட்ட பகுப்பு. கற்பிக்க எளிதான இப்பகுப்பு ஒரு முதன்மையான செய்தியை மறைத்துவிடுகிறது. 1980களில் திருநெல்வேலியில் பணிபுரிந்த ஓர் எழுத்தர்க்கும் கர்நூலில் பணிபுரிந்த ஓர் எழுத்தர்க்கும் பட்டப்படிப்புப் பாடங்கள் ஒரே வகையில்தான் வந்துசேர்ந்தன: அச்சிட்ட பொதிகளாக, அஞ்சல்காரரின் கையில். பொதியைப் பிரித்துப் படித்து, ஓரிடத்தில் பொருள் விளங்காமல் நின்றபோது அவ்விருவரும் எங்கே போக முடிந்தது என்பதில்தான் வேறுபாடு தொடங்கியது.

அவ்வேறுபாடு திட்டமிடலால் விளைந்தது. ஒரு மாநிலம் தன் கல்லூரிகளையெல்லாம் ஒரே வலையாகக் கருதிப் பார்த்தது. அண்டை மாநிலம் அவ்வாறு கருத இருபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

தில்லியின் முன்மாதிரி

மூன்றாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (1961–66) கல்லூரிகளில் இடம் கிடைக்காதோர் தொகை பெருகியதால், அஞ்சல்வழிப் படிப்பு என்னும் கருத்து நடுவண் அரசின் பரிசீலனைக்கு வந்தது. அப்போது பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவராக இருந்த டி. எஸ். கோத்தாரியின் தலைமையில் அமைந்த வல்லுநர் குழு அதனை ஆராய்ந்தது. அதன் பரிந்துரைப்படி 1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிப் படிப்புகளைத் தொடங்கியது. முதலாண்டில் இளங்கலைப் படிப்பில் சேர்ந்தோர் 1,112 பேர். பாடங்களை அஞ்சலில் அனுப்புதல், விடைத்தாள்களைத் திருத்தித் திருப்பியனுப்புதல், விடுமுறைக் காலங்களில் சில நாள்களுக்குத் தொடர்பு வகுப்பு நடத்துதல் என்பவை அதன் நடைமுறைகள்.

அதே கோத்தாரி தலைமையேற்ற கல்விக் குழு (1964–66), 1986ஆம் ஆண்டுக்குள் உயர்கல்வி மாணவருள் மூன்றில் ஒரு பங்கினரையேனும் அஞ்சல்வழி, மாலைநேரப் படிப்புகள் ஏற்க வேண்டும் என்று கருதியது. பெரிய இலக்கு அது. ஆயினும் அதனை எய்துவதற்குரிய அமைப்பு எது என்பது தில்லி முன்மாதிரியில் விடை காணப்படாமலே இருந்தது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் மாணவர் பெரும்பாலும் தலைநகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழ்ந்தவர்கள். விடுமுறை வகுப்புக்கு வந்துபோவது அவர்களுக்கு இயலக்கூடியதே. பல நூறு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு மாநிலத்திற்கு அம்முறையை அப்படியே பெயர்த்து நடுவதில் இடர் இருந்தது. 1960களின் இறுதியில் பாட்டியாலா பஞ்சாபிப் பல்கலைக்கழகம், மைசூர்ப் பல்கலைக்கழகம் முதலியவை தில்லியைப் பின்பற்றியபோதும் இவ்விடர் பெரிதாகப் பேசப்படவில்லை.

தமிழகத்தின் வழி

தமிழ்நாட்டில் முதலடி எடுத்துவைத்தது மதுரைப் பல்கலைக்கழகம். 1966இல் தென்மாவட்டங்களுக்கென நிறுவப்பட்ட அப்பல்கலைக்கழகம் 1971இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. பின்னர் 1979இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் 1981இல் சென்னைப் பல்கலைக்கழகமும் தத்தம் நிறுவனங்களைத் தொடங்கின. அழகப்பா, பாரதிதாசன், பாரதியார் எனப் பிற்காலத்துப் பல்கலைக்கழகங்களும் இவ்வரிசையில் சேர்ந்தன.

இவ்வளர்ச்சியின் பயனைக் குறைத்து மதிப்பிடலாகாது. பள்ளி ஆசிரியர், அரசு அலுவலர், மணமாகிக் கல்வியைப் பாதியில் விட்ட பெண்கள், சிற்றூர்களில் முதல் தலைமுறையாகப் படிக்க முன்வந்தோர் எனப் பெருந்தொகையினர் இவ்வாயிலின் வழியே பட்டம் பெற்றனர். இன்று கல்லூரிகளில் பணியாற்றும் விரிவுரையாளர் பலரின் பெற்றோர் இவ்வழியில் படித்தவர்களாக இருக்கக்கூடும். தமிழில் படிப்பதற்கான அடித்தளமும் ஓரளவு இருந்தது. 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்டப்படிப்பு தொடங்கப்பட்டதும், தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிப் பாடங்களுக்கான நூல்களைத் தமிழில் வெளியிட்டதும் அஞ்சல்வழிப் பாடம் எழுதியோர்க்குக் கலைச்சொற்களையும் எடுத்துக்காட்டுகளையும் தந்தன.

எனினும் இதனை ஒரு மாநிலத் திட்டம் என்று கூறுவதற்கில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தாய்ப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாக, அதன் ஆட்சிக் குழுவுக்கு மட்டுமே பொறுப்புடையதாக இருந்தது. ஒரே பட்டத்திற்கு மூன்று பல்கலைக்கழகங்கள் மூன்று பாடத்தொகுதிகளை எழுதி அச்சிட்டன. ஒரே நகரில் மூன்றும் தொடர்பு வகுப்புகளை நடத்தின. தொடர்பு வகுப்புக்குக் கல்லூரியின் அறைகள் வாடகைக்கு எடுக்கப்பட்டன; அவ்வாரம் முடிந்ததும் கல்லூரிக்கும் அம்மாணவர்க்கும் இடையே எவ்வுறவும் எஞ்சவில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் நிலை இன்னும் வியப்புக்குரியது. சிதம்பரத்தில் உறைவிடப் பல்கலைக்கழகமாக வகுக்கப்பட்ட அதற்கு அக்காலத்தில் இணைவுக் கல்லூரிகளே இருக்கவில்லை. ஆயினும் தொலைநிலைக் கல்வியில் அது தமிழக எல்லையையும் கடந்து மாணவர்களைச் சேர்த்தது. தன்னுடையதென்று சொல்ல ஒரு கல்லூரியும் வெளியில் இல்லாத பல்கலைக்கழகம், நாடு முழுவதும் மாணவரை உடையதாயிற்று.

இதற்கான பொருளியல் காரணம் வெளிப்படையானது. அஞ்சல்வழிக் கல்வி மாணவரின் கட்டணம் அவர்களுக்கான செலவை விஞ்சியது. எஞ்சிய தொகை பல்கலைக்கழகத்தின் பொதுநிதியில் சேர்ந்து கட்டடங்களாகவும் வளாகத் துறைகளின் செலவாகவும் மாறியது. அரசு மானியம் போதாத சூழலில் துணைவேந்தர்கள் இவ்வழியை நாடியதில் வியப்பில்லை. ஆனால் நேர்வகுப்பில் இடம் பெறாத ஏழை மாணவர், இடம் பெற்றவர்க்கான ஆய்வகத்திற்கும் நூலகத்திற்கும் பொருள் தந்தார் என்பது இவ்வேற்பாட்டின் உட்பொருள். தமிழகத் தொலைநிலைக் கல்வி பற்றிய எழுத்துகள் சேர்க்கைத் தொகையைப் பெருமிதத்துடன் பேசுமளவு இதனைப் பேசியதில்லை.

1982: ஐதராபாத்தில் வகுக்கப்பட்ட திட்டம்

ஆந்திரப் பிரதேசத்திலும் தொடக்கம் இவ்வாறே இருந்தது. உசுமானியாப் பல்கலைக்கழகம் 1977இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. அவ்வாண்டு முதல் 1982 வரை அதன் துணைவேந்தராக இருந்தவர் பொதுநிருவாகவியல் அறிஞர் ஜி. ராம் ரெட்டி. ஊராட்சி நிருவாகத்தை ஆராய்ந்த அவர், மையத்தில் எடுக்கப்படும் முடிவு மாவட்டத்தையும் ஊரையும் சென்றடைவதற்குள் என்ன ஆகிறது என்பதை அறிந்தவர். அவரது பிற்காலத் திட்டத்தில் படிப்பு மையத்திற்குத் தரப்பட்ட இடத்தை விளங்கிக்கொள்ள இப்பின்புலம் துணைசெய்கிறது.

பிரித்தானியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969இல் பட்டயம் பெற்று 1971இல் முதல் மாணவர்களைச் சேர்த்திருந்தது. பி.பி.சி. ஒலிபரப்பால் அது உலகப் புகழ் பெற்றதெனினும், அதன் கட்டுக்கோப்பு வேறு கூறுகளையும் சார்ந்திருந்தது. பாடங்களைக் குழுவாக எழுதுதல், ஒப்படைப்புகளைத் திருத்துதல், நாடெங்கும் உள்ளூர்ப் படிப்பு மையங்களில் பயிற்றுநரை அமர்த்துதல் ஆகியன அவை. ஆந்திர அரசு அம்முன்மாதிரியைக் கருத்திற்கொண்டு, பவனம் வெங்கடராமி ரெட்டி முதலமைச்சராக இருந்த 1982ஆம் ஆண்டில், சட்டமன்றத்தில் தனிச்சட்டம் இயற்றி ஆந்திரப் பிரதேசத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை நிறுவியது. ராம் ரெட்டி அதன் முதல் துணைவேந்தரானார்.

சட்டமன்றத்தின் தனிச்சட்டம் என்பது இங்குக் கருதத்தக்கது. தமிழகத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் உள்துறையாக இருந்தது, ஆந்திரத்தில் மாநிலம் முழுவதையும் ஆட்சி எல்லையாகக் கொண்ட தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கடற்கரை ஆந்திரம், இராயலசீமை, தெலங்கானா என்னும் மூன்று வட்டாரங்களும் 23 மாவட்டங்களும் அதன் பொறுப்பில் வந்தன. மாணவர் நெருக்கமாக உள்ள நகரங்களை மட்டும் தேர்ந்துகொள்ளும் உரிமை அதற்கு இல்லை. முறைசார் பள்ளிக் கல்வி பெறாதோரும் குறிப்பிட்ட வயது நிறைந்து தகுதித் தேர்வில் தேறினால் பட்டப்படிப்பில் சேரலாம் என்ற விதி, அதுவரை கல்லூரி வாசலையே காணாதவர்களை அதன் மாணவராக்கியது. இத்தகைய மாணவர்க்கு அச்சிட்ட பொதி மட்டும் போதாது என்பது முதலிலேயே உணரப்பட்டிருந்தது.

கல்லூரி அறையும் ஞாயிற்றுக்கிழமையும்

புதிய பல்கலைக்கழகத்திடம் மாவட்டங்களில் கட்டடம் இல்லை. கட்டுவதற்கு நிதியும் இல்லை. கல்லூரிகளோ மாநிலமெங்கும் இருந்தன. அவற்றின் வகுப்பறைகள் விடுமுறை நாள்களில் பூட்டிக் கிடந்தன. இவ்விரு செய்திகளையும் இணைத்ததே திட்டத்தின் உயிர்நிலை. பெரும்பாலும் அரசுக் கல்லூரிகளிலும், சில இடங்களில் தனியார் கல்லூரிகளிலும் படிப்பு மையங்கள் நிறுவப்பட்டன. அக்கல்லூரியைச் சார்ந்த ஒருவரே மையத்தின் ஒருங்கிணைப்பாளர். விரிவுரையாளர்கள் மதிப்பூதியத்தின் அடிப்படையில் பகுதிநேர ஆலோசகராயினர். தலைமையகத்தில் இருந்த நிலையான ஆசிரியர் குழு சிறியது. அது பாடங்களைத் திட்டமிட்டு, வெளிக் கல்லூரி ஆசிரியரையும் சேர்த்து எழுதுவித்துப் பதிப்பித்தது.

வகுப்புகள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தன. இவை விரிவுரை வகுப்புகளாக இருத்தல் கூடாது என்பது கொள்கை. மாணவர் பாடத்தை முன்னரே படித்துவந்து ஐயங்களை எழுப்ப வேண்டும். ஆசிரியர் அவற்றைத் தெளிவிக்க வேண்டும். 'ஆலோசனை' என்னும் சொல் அதனாலேயே தேர்ந்துகொள்ளப்பட்டது. நடைமுறை கொள்கைக்கு முழுதும் பணிந்து போகவில்லை. வாரம் முழுதும் வேலைசெய்து களைத்து வரும் மாணவர் படிக்காமலே வருவதும், ஆசிரியர் தமக்குப் பழகிய முறையில் கரும்பலகையின் முன் நின்று சொற்பொழிவாற்றுவதும் தொலைநிலைக் கல்வியில் எங்கும் காணப்படும் நிலை. இருப்பினும் வாரந்தோறும் ஒரே இடத்தில் ஒரே ஆசிரியரைக் காண முடிந்தது என்பதே பெரிய மாற்றம். ஆண்டுக்கொருமுறை வாடகை அறையில் நடக்கும் தொடர்பு வகுப்பில் ஆசிரியர்க்கு மாணவரின் பெயர் தெரியாது. அடுத்த ஆண்டு அவரே வருவாரென்ற உறுதியும் இல்லை.

அறிவியல் படிப்பில் இவ்வமைப்பின் பயன் தெளிவாகப் புலப்பட்டது. வேதியியலையோ விலங்கியலையோ அஞ்சலில் அனுப்ப இயலாது. கல்லூரியே படிப்பு மையமாக இருந்ததால் அதன் ஆய்வகமும் உடன் கிடைத்தது. செய்முறைப் பயிற்சிகள் அங்கேயே நடந்தன. அறிவியல் இளங்கலைப் பட்டத்தைத் திறந்தநிலையில் வழங்குவது இதனால் இயலக்கூடியதாயிற்று.

பாடமொழியும் திட்டத்தின் ஒரு பகுதியாக அமைந்தது. 1968இல் நிறுவப்பட்ட தெலுங்கு அகாதெமி கல்லூரிப் பாடங்களுக்கான தெலுங்கு நூல்களையும் கலைச்சொற்களையும் உருவாக்கிவந்தது. திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தெலுங்கில் பாடங்களை எழுதத் துணிந்ததற்கு அவ்வுழைப்பு துணையாயிற்று. தனித்துப் படிப்பவர்க்காக எழுதப்படும் பாடம் நேர்வகுப்புப் பாடநூலைவிட விரிவாகவும், இடையிடையே வினாக்களும் விடைகளும் கொண்டதாகவும் அமைய வேண்டியிருந்தது. அவ்வகை உரைநடை தெலுங்குக்குப் புதிது.

இவ்வலையமைப்பில் குறை ஒன்று தொடக்கத்திலேயே அமைந்திருந்தது. கல்லூரிகள் மாநிலக் கல்லூரிக் கல்வித் துறையின் கட்டுப்பாட்டிலும், பாடத்தால் உசுமானியா, ஆந்திரா முதலிய பல்கலைக்கழகங்களின் இணைவிலும் இருந்தன. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு அவற்றின்மீது அதிகாரமில்லை. வேண்டுகோள் விடுக்கவும் மதிப்பூதியம் தரவும் மட்டுமே முடியும். முதல்வர் ஒருவர் மாற்றலாகிப் போனால் ஒரு மையத்தின் போக்கே மாறக்கூடும். மாநில அரசு ஒன்றே கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகத்திற்கும் மேலாக நின்றதால்தான் இம்முரண் முற்றவில்லை. தமிழகத்தில் பல்கலைக்கழகங்கள் தனித்தனியே கல்லூரிகளை நாடியபோது இத்தகைய நடுவர் எவரும் இல்லை.

அலைவரிசையின் இடம்

ஊடகங்களைப் பொறுத்தவரை ஆந்திரத்தின் அணுகுமுறை அடக்கமானது. அச்சுப் பாடமே முதன்மை. வானொலியின் தெலுங்குப் பாடங்கள் துணை. இத்தனைக்கும் செயற்கைக்கோள் வழிக் கல்வியை அறியாத மாநிலம் அன்று அது. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 ஊர்களில் நடந்த செயற்கைக்கோள் தொலைக்காட்சிப் பரிசோதனையில் ஆந்திரமும் பங்கேற்றது. 1984 ஆகஸ்டு 15இல் பல்கலைக்கழக மானியக் குழு 'நாடு தழுவிய வகுப்பறை' நிகழ்ச்சிகளைத் தொலைக்காட்சியில் தொடங்கியபோது அவை ஆங்கிலத்தில், பகற்பொழுதில் வந்தன. தெலுங்கிலோ தமிழிலோ படித்துக்கொண்டு, பகலில் அலுவலகத்திலோ வயலிலோ இருந்த தொலைநிலை மாணவர்க்கு அவை எட்டவில்லை. 2004 செப்டம்பர் 20இல் ஏவப்பட்ட எடுசாட் செயற்கைக்கோளும் பெரும் எதிர்பார்ப்புகளுடன் வந்து, 2010இல் ஓய்வுபெற்றது. அதன் சிக்னல் வந்துசேரவும் ஒரு கல்லூரி அறையும் அதைத் திறந்துவைக்க ஓர் ஆளும் தேவைப்பட்டனர்.

எல்லையும் தகுதியும்

ராம் ரெட்டி 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகச் சென்றபோது, கல்லூரியைப் படிப்பு மையமாக்கும் முறையும் உடன் சென்றது. நாடெங்கும் அப்பல்கலைக்கழகத்தின் மையங்கள் கல்லூரிகளில் அமைந்தன. ஆந்திரத்தின் பல்கலைக்கழகம் 1991இல் டாக்டர் பி. ஆர். அம்பேத்கர் பெயரைப் பெற்றது. தொலைநிலைக் கல்வியின் தரத்தைக் கண்காணிக்கும் பொறுப்பு அவ்வாண்டு அமைந்த தொலைநிலைக் கல்விக் குழுவிடம் வந்தது.

தமிழகத்தில் இதற்கிடையே வேறொரு சிக்கல் முதிர்ந்தது. பல்கலைக்கழகங்கள் சில 'திறந்தநிலைப் பல்கலைக்கழக முறை' என்ற பெயரில் முறையான முன்கல்வி இல்லாதோரையும் சேர்த்தன. இளங்கலைப் பட்டம் பெறாதவர்க்கும் முதுகலைப் பட்டம் வழங்கப்பட்டது. மானியக் குழுவின் 1985ஆம் ஆண்டு நெறிமுறைகள், பள்ளிக் கல்வி இல்லாதவர் நுழைவுத் தேர்வின் வழி இளங்கலையில் சேர இடமளித்தன; இளங்கலையின்றி முதுகலைக்குச் செல்ல இடமளிக்கவில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009இல் அவ்வகை முதுகலைப் பட்டம் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அரசாணை எண் 107, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் என்ற வரிசையில் படித்தவரின் பட்டமே அரசுப் பணிக்கு ஏற்கப்படும் என வரையறுத்தது.

தீர்ப்பும் அரசாணையும் ஒன்றல்ல. தீர்ப்பு, படியைத் தாண்டி வழங்கப்பட்ட முதுகலையைப் பற்றியது. அரசாணையோ, மேனிலைப் பள்ளிக் கல்வியின்றித் திறந்தநிலையில் முறையாக மூன்றாண்டு படித்து இளங்கலைப் பட்டம் பெற்றவரையும் வெளியே நிறுத்தியது. எவர்க்காகத் திறந்தநிலைக் கல்வி என்ற கருத்தே தோன்றியதோ அவரே அரசுப் பணியின் வாசலில் தகுதியற்றவரானார். பல்கலைக்கழகங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டுச் சேர்க்கையைப் பெருக்கிய காலத்தில் ஏற்பட்ட ஐயத்தின் விலையை, அப்போட்டியில் பங்கில்லாத மாணவர் செலுத்தினார்.

2002க்குப் பின்

தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்டது. ஆந்திரத்தைவிட இருபது ஆண்டுகள் பிந்தியது என்பதோடு, அது வெற்று நிலத்தில் தொடங்கவில்லை என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. மாநிலத்தின் பழைய பல்கலைக்கழகங்கள் தத்தம் தொலைநிலை நிறுவனங்களை மூடவில்லை. மாநிலந்தழுவிய பொறுப்புடைய நிறுவனம், அப்பொறுப்பு இல்லாமலே மாநிலந்தழுவி இயங்கிய மூத்த நிறுவனங்களுடன் மாணவர்க்காகப் போட்டியிட வேண்டியதாயிற்று.

நிலைமையை மாற்றியது வெளியிலிருந்து வந்த விதி. 2013இல் தொலைநிலைக் கல்விக் குழு கலைக்கப்பட்டு அதன் பொறுப்பு பல்கலைக்கழக மானியக் குழுவிடம் வந்தது. 2017ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் ஆட்சி எல்லையைக் கடந்து மையம் நடத்துவதையும், தனியாரிடம் உரிமம் கொடுத்து மையம் நடத்துவதையும் தடைசெய்தன. மூத்த பல்கலைக்கழகங்களின் தொலைநிலை வருவாய் சுருங்கியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அண்மை ஆண்டுகளில் ஊதியம் வழங்கவே இடர்ப்பட்டமைக்குச் சுட்டப்படும் காரணங்களுள் இதுவும் ஒன்று.

ஆந்திரத்தின் வலையமைப்பையும் காலம் விட்டுவைக்கவில்லை. 2014இல் மாநிலம் இரண்டாகப் பிரிந்தபோது தலைமையகம் தெலங்கானாவிலும் படிப்பு மையங்கள் இரு மாநிலங்களிலுமாக நின்றன. ஒரே அரசு மேலிருந்து இணைத்தது என்பதையே வலிமையாகக் கொண்ட அமைப்புக்கு, இரண்டு அரசுகள் என்பது அதன் கணக்கில் இல்லாத ஒன்று.

தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இப்போது அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் கற்போர் உதவி மையங்களை அமைத்துவருகிறது. 1982இல் ஐதராபாத்தில் வரையப்பட்ட படத்திற்கு இது மிக அருகில் வருகிறது. ஆனால் அன்றைய திட்டம் ஒன்றைச் சொல்லாமலே எடுத்துக்கொண்டது: வாரநாளில் அக்கல்லூரியில் நிலையான பணியில் இருக்கும் ஆசிரியரே ஞாயிற்றுக்கிழமை ஆலோசகராக வருவார். இன்று தமிழக அரசுக் கல்லூரிகளின் வகுப்புகளில் கணிசமானவற்றை நடத்துவோர் ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்கள். அடுத்த கல்வியாண்டில் தாம் அக்கல்லூரியிலேயே இருப்போமா என்பதை அறியாதவர்கள் அவர்கள்.